எனக்கு வந்தது சாமி இல்ல

உங்க கால்ல எழுவது வயசு ஆளு யாராச்சும் நெடுஞ்சாண்கிடையா விழுந்திருக்காகளா? என் கால்ல விழுந்திருக்காக. ஒருத்தர் ரெண்டு பேரு இல்ல, ஊரே விழுந்துச்சு. எனக்கு அப்ப பத்தொம்போது வயசு. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி ரெண்டாம் வருசம். போன வருசம் வைகாசி, எங்க ஊரு கருப்பர் கோயில் திருவிழா, மண்டையப் பொளக்குற வெயிலு. நான் செத்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு நிக்கிறேன். நெஞ்சு திம்மு திம்முன்னு அடிக்கிது. மூச்சு தொண்டைக்குக் கீழ எறங்க மாட்டேங்குது. கையி ரெண்டும் ஆடுது, பல்லு தந்தி அடிக்கிது. எவனாச்சும் ஒரு வாய் தண்ணி குடுக்க மாட்டானான்னு பாக்குறேன். சுத்தி நின்னவன் பூராம் கையெடுத்துக் கும்புடுறான். பொம்பளைக கொலவை போடுதுக. மேளக்காரன் காதுக்குள்ளயே வந்து நின்னு அடிக்கிறான். "வந்துட்டாருடா! கருப்பரு வந்துட்டாருடா!"ன்னு கத்திக்கிட்டு ஒருத்தன் ஒரு கொடம் மஞ்சத்தண்ணிய என் தலையில கவுத்துறான்.

குடிக்கத் தண்ணி தேடுனவனுக்குத் தலையில ஊத்துன ஊரு எங்க ஊரு.

இத நான் சிரிச்சுக்கிட்டு எழுதல. கோவத்துல எழுதுறேன். கோவத்துலதான் வெரசா எழுத வருது.

இந்த எழவு எப்ப ஆரம்பிச்சுச்சுன்னா, காலேஜ்ல. நிலாவுல ஆள் எறங்குன வருசம் நான் பி.யூ.சி. எங்க வகையறாவுல காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு நான்தான். காரைக்குடியிலேர்ந்து கண்டனூர் போற ரோட்டுல எறங்கி ஒன்றரை மைலு நடந்தா எங்க ஊரு. தெனம் போயிட்டு வந்து படிச்சேன். பி.யூ.சி.ல ஒன்னுமில்ல. பி.எஸ்ஸி. மொத வருசம் லேப்ல, பிப்பெட்டுல ஆசிட்ட வாயால உறிஞ்சி கோடு வரைக்கும் ஏத்திக்கிட்டு நிக்கிறேன். திடீர்னு ஒரு நெனப்பு. 'இத முழுங்கிட்டா?' அம்புட்டுத்தான். ஒரே ஒரு நெனப்பு. அதுக்குப் பின்னாடியே இன்னொன்னு, அது பொறத்தால இன்னொன்னு. மஞ்சுவெரட்டுல தொழுவத் தெறந்து விட்டா மாடு எப்படி வரும், அப்படி வருது. எதையும் புடிக்க முடியல. பிப்பெட்டு கீழ விழுந்து ஒடஞ்சிச்சு. நான் மேசையப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்துட்டேன். லேப் அட்டெண்டர் வந்து, "பிப்பெட்டுக்கு ஃபைன் கட்டணும் தம்பி"ன்னாரு. மனுசன் செத்துக்கிட்டு இருக்கான், அந்தாளுக்கு பிப்பெட்டு.

அப்பறம் அது அடிக்கடி வந்துச்சு. பஸ்ல வரும். ஹால்ல கேள்வித்தாளக் கையில குடுத்தவொடன வரும். சும்மா சோத்துல கைய வெச்சுக்கிட்டு இருக்கப்ப வரும். வந்தா இருவது நிமிசம், அரை மணி நேரம். போனதுக்கப்பறம் தொவச்சுப் போட்ட துணி மாதிரி கெடப்பேன். அது வராத நேரத்துல, எப்ப வருமோன்னு பயந்துக்கிட்டு இருப்பேன். ரெண்டுல எது மோசம்னு இன்னவரைக்கும் எனக்குச் சொல்லத் தெரியல.

டாக்டருகிட்ட போனேன். ஸ்டெத்தாஸ்கோப்ப வெச்சுப் பாத்தாரு. "ஒன்னுமில்ல, நரம்புத் தளர்ச்சி"ன்னு சொல்லிட்டு பி காம்ப்ளக்ஸ் எழுதிக் குடுத்தாரு. ஒன்னுமில்லேன்னா எதுக்குய்யா மாத்திரை? நரம்புத் தளர்ச்சின்னா அது ஒன்னுமில்லையா? வெளிய வந்தா, காத்திருந்த என் கூட்டாளி விழுந்து விழுந்து சிரிக்கிறான். அவன் என் பெஞ்சு. துலுக்க வீட்டுப் பய, அவுக அத்தா பினாங்குல கடை வெச்சிருக்காரு. பஸ் ஸ்டாண்டு செவுத்துல ஒட்டியிருக்க லேகிய நோட்டீஸக் காட்டி, "மாப்ள, நரம்புத் தளர்ச்சிக்கு லாட்ஜு வைத்தியரு மாசத்துல ரெண்டாவது வியாழக்கெழம வாராராம்டா. எதெல்லாம் விடணும்னு லிஸ்டு குடுப்பாரு, கைய அடக்கி வெச்சுக்க"ங்கிறான். நான் அவன மிதிச்சேன். ஆனா ஒன்னு சொல்லணும். எனக்கு அது வந்தப்பல்லாம் பக்கத்துல உக்காந்து, "மாப்ள, போன தடவையும் சாகப் போறேன்னு சொன்ன, சாகல. அதுக்கு முந்தியும் சாகல. ஒரு ஆளு எத்தன தடவடா பொய் சொல்லுவ?"ன்னு கேட்ட ஒரே ஆளு அந்தப் பயதான்.

இப்ப கருப்பர் கோயிலுக்கு வாரேன்.

எங்க ஊருல கருப்பர் எங்க பங்காளிக வகையிலதான் எறங்குவாரு. வேற ஆளுகளுக்கு எறங்க மாட்டாரு. எங்க சித்தப்பாதான் முப்பது வருசமா சாமியாடி. திருவிழா அன்னிக்கி அருவாள் மேல ஏறி நின்னு ஊருக்குக் குறி சொல்லுவாரு. அவரு செத்து ரெண்டு வருசம் யாருக்கும் சாமி எறங்கல. அந்த ரெண்டு வருசமும் மழையும் இல்ல, கண்மாய்ல ஆடு மேயிது. ரெண்டையும் சேத்து ஊரு முடிச்சுப் போட்டுருச்சு. எறங்குற ஒடம்பு எங்க இருக்குன்னு எல்லாரும் எங்க வீட்டு ஆம்பளைக மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்த வருசத்துல, நான் போயி கூட்டத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டு நடுங்குனேன். அப்பறம் என்ன? நானா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பேன். அதுதான் இன்னும் எரியிது.

அருவாளக் கையில திணிச்சாக. மேலத்தெரு அத்தை ஒன்னு கூட்டத்த இடிச்சுத் தள்ளிக்கிட்டு வந்து என் கையப் புடிச்சிருச்சு. எனக்கு முறைக்கு அத்தை. மத்த நாள்ல "ஏப்பு, மருமகனே, காலேஜ்ல பாப்பா எதுவும் பாத்து வெச்சிருக்கீகளா"ன்னு கேலி பேசுற ஆளு. அன்னிக்கி மூஞ்சியே வேற. ஒரே மகன். பதினெட்டு வயசுல மலேயாவுக்குப் போனவன், நாலு வருசமா ஒரு காயிதம் இல்ல.

"அய்யா, கருப்பா, என் புள்ள வருவானா மாட்டானா? ஒரு வார்த்தை சொல்லுய்யா. நீ சொல்லாம கைய விடமாட்டேன்."

விடமாட்டேன்னா நெசமாவே விடல. நகம் பதியிது. எனக்கு வேண்டியதெல்லாம் காத்து. கைய விட்டா ஓடிப் போயி ஆலமரத்துக்கு அங்குட்டு உக்காந்துக்குவேன், அம்புட்டுத்தான் என் மண்டையில ஓடுச்சு.

"வருவான்"னேன். "விடு"ன்னேன்.

மொத வார்த்தை ஊருக்கே கேட்டுச்சு. ரெண்டாவது வார்த்தை கொலவையில அமுங்கிப் போச்சு. கொஞ்ச நேரத்துல அதுபாட்டுக்கு நடுக்கம் நின்னுச்சு, எப்பவும் நிக்கிற மாதிரி. "மலையேறிட்டாரு"ன்னாக. நான் மரத்தடியில வாந்தி எடுத்தேன். அதையும் ஒரு கெழவன் கும்பிட்டுட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்து எங்கப்பாகிட்ட சொன்னேன். தெளிவாத்தான் சொன்னேன். "அப்பா, இது சாமி இல்லப்பா. எனக்கு ஒரு வருசமா இருக்கு. லேப்ல வருது, பஸ்ல வருது, பரிச்சையில வருது."

"எங்க வேணாலும் வருவாரு. அவருக்கென்ன எல்லை?"

"நெஞ்சு அடிக்கிதுப்பா. சாகப் போறேன்னு தோணுது."

"எறங்கையில அப்படித்தான் இருக்குமாம். உன் சித்தப்பன் சொல்லியிருக்கான்."

இதுக்கு மேல என்ன பேசுவீக? எதச் சொன்னாலும் அது சாமிக்கு சாட்சியாப் போயிருது. எங்கப்பா மூஞ்சியப் பாத்தேன். அந்தாளு சித்தப்பாவுக்கு அண்ணன். மூத்தவரு இருக்கையில சாமி எளையவனுக்கு எறங்கிருச்சுன்னு முப்பது வருசம் திருவிழாவுல ஓரமா நின்னவரு. இப்ப மகனுக்கு எறங்கியிருக்கு. அவரு அன்னிக்கி சோத்தப் பெசஞ்சு எனக்கு ஊட்டி விட்டாரு. பத்தொம்போது வயசுப் பயலுக்கு. அந்தக் கைய நான் எப்படித் தட்டி விடுறது? தட்டி விட்டிருக்கணும். ஒரு வருசம் மிச்சமாயிருக்கும்.

அப்பறம் என் பொழப்பு நாறிப் போச்சு. சாமியாடி எழவு வீட்டுக்குப் போகக் கூடாது. கண்ட எடத்துல திங்கக் கூடாது. கூட்டாளி வீட்டுல பெருநாளைக்கிப் பிரியாணி, போகக் கூடாதுன்னுட்டாக. மறுநாள் அவன் தூக்குச்சட்டியில கொண்டாந்து காலேஜ் கொடுக்காப்புளி மரத்தடியில வெச்சுக்கிட்டு, "வாங்க சாமி, படையல்"ங்கிறான். தின்னேன். "ஒரு வருசமா சாமி பக்கத்துல உக்காந்து படிக்கிறேன்டா மாப்ள, எனக்கு அலைடு பேப்பர்ல பாஸ் மார்க்காச்சும் போட்டு விடப் படாதா"ன்னான். அவன் ஒருத்தன் இல்லேன்னா நான் நெசமாவே கிறுக்காயிருப்பேன்.

ஒரு நா பஸ்ல வந்திருச்சு. கம்பியப் புடிச்சுக்கிட்டு வேர்த்து ஊத்திக்கிட்டு நிக்கிறேன். எங்க ஊருப் பொம்பளை ஒன்னு பாத்துட்டு, "அய்யோ, கருப்பரு!"ன்னு கூவுச்சு. பஸ்ஸே எந்திரிச்சு நின்னுருச்சு. டிரைவரு வண்டிய ஓரங்கட்டிட்டாரு. ஒருத்தன் சாமியப் பாத்து, "பொண்ணுக்கு எந்தத் தெசையில மாப்ள அமையும்?"ங்கிறான். கண்டக்டரு மட்டும் அசரல. "சாமியா இருந்தாலும் கண்டனூருக்கு டிக்கட்டு எடுத்துத்தான் ஆகணும்"னு கைய நீட்டுனாரு. அந்த ஆள நான் கட்டிப் புடிச்சு முத்தம் குடுத்திருப்பேன். அந்த வருசத்துல என்னைய மனுசனா மதிச்ச ரெண்டாவது ஆளு.

வெள்ளிக்கெழமன்னா வீட்டு வாசல்ல ஆளு நிக்கும். மாடு காணோம், பொண்ணு பேச மாட்டேங்கிறா, கெணத்துல எங்குட்டு தோண்டுனா தண்ணி வரும். நான் ரூமுக்குள்ள பொஸ்தகத்த வெச்சுக்கிட்டு ஒளிஞ்சிருப்பேன். எங்க ஆத்தா வாசல்ல நின்னு, "புள்ளைக்குப் பரிச்சை இருக்கு, படுத்தாதீக"ன்னு சண்டை போடும். எங்க ஆத்தாவும் நம்புச்சு. ஆனா புள்ளை மெலிஞ்சு போறான்னு அதுக்குத்தான் தெரிஞ்சுச்சு. ஒரு நா எனக்கு எண்ணெ தேச்சு விட்டுக்கிட்டே சொல்லுது:

"உங்க சித்தப்பாவும் இப்படித்தான் அப்பு. திருவிழாவுக்கு ஒரு மாசம் இருக்கப்பவே சோறு எறங்காது. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு களத்துமேட்டுல ஒத்தையில உக்காந்திருப்பாரு. வெத்தலையும் பொகையிலையும்தான். ஆளு கூட்டம்னாலே ஒதறும். சாமி இருக்க ஒடம்பு அப்படித்தானாம்."

"நீங்க யாராச்சும் என்ன பண்ணுதுன்னு அவரக் கேட்டீகளா?"

"சாமியப் போயி என்னன்னு கேக்குறது?"

நான் எண்ணெயோட எந்திரிச்சுப் போயிட்டேன். முப்பது வருசம்! ஒரு மனுசன் முப்பது வருசமா நெஞ்சப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கான். ஒரு ஊரே அவன் கால்ல விழுந்திருக்கு, ஒருத்தன்கூட அவன் தோள்ல கைய வெக்கல. சாமி இல்லேன்னு நான் அடிச்சுச் சொல்ல வரல. அவருக்கு எறங்குனது கருப்பராவே இருக்கட்டும். அந்த ஒடம்புக்குள்ள ஒரு ஆளு இருந்தாருல்ல? அவருக்கு யாரு இருந்தா? அவரு களத்துமேட்டுலயேதான் செத்துக் கெடந்தாரு. "கருப்பர் கூப்பிட்டுக்கிட்டாரு"ன்னாக.

அப்பறந்தான் எனக்கு ஒரு விசயம் ஒறச்சுச்சு. இந்த வருசம் திருவிழாவுக்கு முந்துன செவ்வாக்கெழம எனக்குக் காப்புக் கட்டுவாக. போன வருசம் திடீர்னு வந்தது, அது கணக்கில்ல. மஞ்சத் துண்டக் கயித்துல கோத்து, கோயில் வாசல்ல வெச்சு வலது மணிக்கட்டுல கட்டிட்டா, ஆயுசுக்கும் நான்தான் சாமியாடி. செவ்வா வெள்ளி ஊர்ல இருக்கணும். வெளியூர்ல வேலை கூடாது. எனக்கு இருக்கது சீக்குன்னு அதுக்கப்பறம் ஒருத்தனும் ஒத்துக்க மாட்டான். களத்துமேடு எனக்குத்தான்.

டிகிரி முடிஞ்சு ரிசல்ட்டுக்கு முந்தி, கூட்டாளி என்னைய டைப்ரைட்டிங்குக்கு இழுத்துக்கிட்டுப் போனான். அவுக அத்தாவுக்கு பினாங்குக் கடையில லெட்டரு அடிக்க ஆளு வேணுமாம். காரைக்குடியில கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு மாடி. ஏழு இங்கிலீஷ் மெசினு, மூலையில ஒரே ஒரு தமிழ் மெசினு. மாஸ்டரு பொடி போடுற ஆளு. தும்முனா ஏழு மெசினும் ஒரு நிமிசம் நிக்கும். நான் தமிழ் லோயர் பரிச்சைக்குச் சேந்தேன், அதுல கூட்டமே இல்லேன்னு. யளனக யளனகன்னு ஒரே சாவி வரிசைய அடிச்சு ரெண்டு மாசம் வெரலு வீங்குச்சு. கை பழகிருச்சு.

ஒரு நா மத்தியானம் அங்க வெச்சே வந்திருச்சு. சுத்திப் பொண்ணுக வேற. ஓடலாம்னு பாத்தா படிக்கட்டுல அடுத்த பேட்ச்சு நிக்கிது. ஓட வழியில்லாம, கை சாவிக் கட்டை மேலயே இருக்க, மண்டையில ஓடுறத அப்படியே அடிக்க ஆரம்பிச்சேன். வேற எதுவும் யோசிச்சுச் செய்யல. செத்துருவேன்னு ஓடுனா செத்துருவேன்னு அடிச்சேன். எல்லாரும் பாக்குறாகன்னு ஓடுனா அதையும் அடிச்சேன். கையி நடுங்குறதால எழுத்து மேல எழுத்து ஏறுது, கம்பி கம்பியோட சிக்குது, எடுத்து விட்டுட்டு அடிக்கிறேன். வரி முடிஞ்சு மணி அடிக்கிது, உருளையத் தள்ளி விடுறேன், அடிக்கிறேன். மண்டை ஓடுற வேகத்துக்குப் பேனா ஓடாது. வாய் ஓடாது. வெரலு பத்தும் ஓடுச்சு. மொதத் தடவையா நான் அதுக்குப் பின்னாடி ஓடாம பக்கத்துல ஓடுனேன்.

ரெண்டரை பக்கத்துல நின்னுருச்சு. காயிதத்த உருவிப் பாத்தேன். ரெண்டாவது பக்கத்துல இருக்கது பூராம் மொதப் பக்கத்துல இருந்ததுதான். செத்துருவேன். கிறுக்குப் புடிச்சிரும். எல்லாரும் பாக்குறாக. ஆத்தா அழுவும். சித்தப்பா மாதிரி ஆயிருவேன். அத்தைகிட்டப் பொய் சொன்னேன். இது நிக்கவே நிக்காது. எண்ணிப் பாத்தேன். ஏழு. ஏழே ஏழு வரிடா! ஆயிரம் மாடுன்னு நெனச்சு அலறிக்கிட்டு இருந்திருக்கேன், ஏழு நோஞ்சான் மாடு திரும்பத் திரும்ப ஒரே தொழுவ சுத்தி வந்திருக்கு. நிம்மதியா இருந்துச்சான்னு கேட்டா, மொதல்ல வந்தது கோவம். இந்த ஏழு வரிக்கா நான் நாய் மாதிரி ஓடுனேன்?

மாஸ்டரு காயிதத்த வாங்கிப் பாத்தாரு. ஒரு தும்மலு. "தப்பு நாப்பத்தோரு எடம். ஸ்பீடு நல்லாருக்கு. ரிப்பன் உங்கப்பன் வாங்கித் தருவானா?"ன்னுட்டுப் போயிட்டாரு.

அதுக்கப்பறம் நாலு தடவ வந்துச்சு. நாலு தடவயும் அடிச்சேன். மெசின் கிட்ட இல்லேன்னா தொடை மேல அடிச்சேன். நிக்காம இருக்கல. மூனு பக்கத்துக்கு மேல அதால தாக்குப் புடிக்க முடியல, அதுக்கு வேற சரக்கு இல்ல. சரியாப் போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். வந்துச்சு, போச்சு. அம்புட்டுத்தான். ஆனா அந்த அம்புட்டு எனக்குப் பெருசு.

போன செவ்வாக்கெழம காப்புக்கட்டு. காலையில ஒம்பது மணி. ஊரு கூடி நிக்கிது. எங்கப்பா புது வேட்டி. பூசாரி தாம்பாளத்துல மஞ்சக்கயித்த வெச்சுக்கிட்டு நிக்கிறாரு.

"கைய நீட்டு அப்பு."

"நீட்ட மாட்டேன்."

கொஞ்ச நேரம் ஒருத்தருக்கும் வெளங்கல. எவனோ பின்னாடியிருந்து, "படிச்ச சாமில்ல, பவுசு பண்ணத்தான் செய்யும்"னான். சிரிச்சாக.

"எனக்கு வந்தது சாமி இல்ல. போன வருசமும் இல்ல. எனக்கு நெஞ்சு படபடப்பு சீக்கு இருக்கு. டாக்டரப் பாத்திருக்கேன். ஆள விடுங்க."

"சாமி சோதிக்கிதுடா"ன்னாரு பூசாரி, எங்கப்பாவப் பாத்து. எங்கப்பா என் முழங்கையப் புடிச்சாரு. மெதுவா, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, "ஏப்பு, மானத்த வாங்கிராதப்பு. நீட்டுப்பு"ங்கிறாரு. ஊரே கேக்கக் கத்தியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்.

அப்பப் பாத்து வந்திருச்சு. வராம இருக்குமா? நூறு சனம், வெயிலு, அப்பா கையி. மொதல்ல முட்டி ஆடுச்சு, அப்பறம் பல்லு. ஒரு பொம்பளை பாத்துருச்சு. கொலவை! மேளம் எந்திரிச்சிருச்சு. சாமி இல்லேன்னு சொல்ற வாய் நடுங்குறதப் பாத்து, சாமின்னு கும்புடுறாக. எனக்கு வந்த ஆத்தரத்துல அந்த மேளத்தக் கிழிச்சிருப்பேன். வெரலு தொடையில அடிச்சுக்கிட்டு இருக்கு. அடிச்சுக்கிட்டு இருக்கதையே வாயால கத்துனேன்.

"செத்துருவேன்னு தோணுது! கேக்குதா? கிறுக்குப் புடிச்சிரும்னு தோணுது! எல்லாரும் பாக்குறீக! ஆத்தா அழுவும்! சித்தப்பா மாதிரி ஆயிருவேன்! அத்தைகிட்டப் பொய் சொன்னேன்! இது நிக்கவே நிக்காது!"

முடிச்சவொடன திரும்ப மொதல்லேர்ந்து. அதே ஏழு. திரும்ப. மூனாவது சுத்துல மேளம் நின்னுச்சு. நாலாவது சுத்துல கொலவை இல்ல. கருப்பர் இப்படிப் பேச மாட்டாருன்னு அவுகளுக்கே தெரிஞ்சுச்சு. எந்த சாமி ஆத்தா அழுவும்னு பயப்படும்? நான் பாட்டுக்குக் கத்திக்கிட்டு இருந்தேன், தொண்டை கட்டுற வரைக்கும், நடுக்கம் அடங்குற வரைக்கும். அம்புட்டுப் பேரும் சும்மா நின்னு பாத்தாக. எங்கப்பா என் கைய எப்ப விட்டாருன்னு எனக்குத் தெரியல.

மேலத்தெரு அத்தை முன்னாடி வந்துச்சு. இந்த ஒரு வருசத்துல அது மகனுக்காக வீட்டுக்கு வெள்ளையடிச்சுச்சு, புதுப் பாய் வாங்கிப் போட்டுச்சு. நான் தெருவ மாத்திப் போயிக்கிட்டு இருந்தேன்.

"அத்தை, நான் உங்க கைய ஒதறுறதுக்காகச் சொன்னேன். எனக்கு ஒன்னும் தெரியாது. என்னைய மன்னிச்சிருங்க."

"உன்னைய யாருடா கேட்டா?"ன்னுச்சு. "போன வருசம் நான் உன்கிட்டயா கேட்டேன்? கருப்பர்கிட்ட கேட்டேன். அவரு வருவான்னு சொன்னாரு. அத இல்லேங்கிறதுக்கு நீ எவன்டா?"

"அத்தை..."

"உனக்குத்தான் நெஞ்சு அடிக்கிதோ? நாலு வருசம் எனக்கு அடிக்கலயா? அடுப்புல ஒலை கொதிச்சா அடிக்கும். தபால்காரன் சைக்கிள் மணி கேட்டா அடிக்கும். போன வைகாசியிலேர்ந்துதான்டா சோறு தின்னேன். ஒரு வருசம் நிம்மதியா இருந்தேன். அதப் புடுங்கிட்டியே, பாவி. ஒத்தக் கயிறு. கட்டிக்கிட்டா உன் கையி அழுகியா போயிரும்?"

குனிஞ்சு மண்ண அள்ளி என் மூஞ்சியில அடிச்சுச்சு. வாய்க்குள்ள போச்சு. நான் தொடைக்கல.

இத நான் எழுதி எழுதிப் பாக்குறேன், இந்த ஒரு எடத்துல மட்டும் யார் மேல கோவப்படுறதுன்னு எனக்குப் பிடிபடல. அந்தப் பயலுக்கு ஒரு காயிதம் போட என்ன கேடு? நான் ஒரு வார்த்தை சொல்லாம இருக்க என்ன கேடு? எனக்குக் கெடைக்காத தூக்கத்த என் பொய் அதுக்குக் குடுத்திருக்கு. என் தூக்கத்துக்காக அதோட தூக்கம் போச்சு. ஆனாலும் கைய நீட்டியிருக்க மாட்டேன். இன்னிக்கிக் கேட்டாலும் மாட்டேன். அந்த அத்தை நெஞ்சுக்கு ஒரு ஆளு வேணும். அந்த ஆளு அருவாள் மேல நின்னுக்கிட்டு நடுங்குற இன்னொருத்தனா இருக்க முடியாது. அத்தைகூட உக்காந்து, என்ன பண்ணுதுன்னு கேக்க ஊருல ஒருத்தருக்கும் நேரமில்ல. எனக்கும் இல்ல, நானும் தெரு மாத்தி ஓடுன பயதான்.

எங்கப்பா எல்லாரு முன்னாடியும் ஒன்னுதான் சொன்னாரு. "காப்பு வேணாம்னவன் எல்லைக்குள்ள நிக்க வேணாம்." எந்த மூஞ்சிய எனக்குச் சோறு ஊட்டுனப்ப பாத்தேனோ, அந்த மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. திருவிழா முடியிற வரைக்கும்னு சொல்வாருன்னு நின்னேன். சொல்லல. வீட்டுக்குப் போனா எங்க ஆத்தா என் சர்ட்டிபிகேட்ட மஞ்சப் பையில வெச்சுக் குடுத்துச்சு. அழுவும்னு பாத்தேன். "பனியன் ரெண்டுதான் காஞ்சிருக்கு"ன்னுச்சு. ஒன்றரை மைலு நடந்து வந்து பஸ் ஏறுனேன்.

மாஸ்டரு காலைல கூட்டிப் பெருக்கித் தண்ணி புடிச்சு வெக்கணும்னு சொல்லி மாடியில பெஞ்சுல படுத்துக்கச் சொல்லியிருக்காரு. ஏன் வந்தேன்னு கேட்டாரு, சொன்னேன். பொடிய உறிஞ்சிக்கிட்டு, "ஹையரும் எழுதிரு"ன்னாரு. கூட்டாளி நேத்து பாஸ்போர்ட்டு ஏஜெண்டப் பாக்க மதுரைக்குப் போயிருக்கான். இந்த எட்டு நாள்ல ரெண்டு தடவ வந்துச்சு. ஏழு வரி எட்டாயிருக்கு. புதுசு அப்பாவப் பத்தி. அத அடிச்சாலும் லேசுல போக மாட்டேங்குது.

இன்னிக்கி செவ்வாக்கெழம. ஊர்ல திருவிழா. மணி பன்னெண்டு அஞ்சு, சாமி எறங்குற நேரம். அருவாள யாரு கையில குடுத்திருக்காகன்னு எனக்குத் தெரியாது.